காலநிலைச் சட்டமும் தமிழ் பேசும் இளம் சட்டத்தரணிகளும்

2025 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 23 ஆம் திகதி, நெதர்லாந்தின் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம், காலநிலை மாற்றம் தொடர்பில் அரசுகளுக்குள்ள சட்டக் கடப்பாடுகள் பற்றிய தனது ஆலோசனைக் கருத்தை வெளியிட்டது. மறுநாள் 24 ஆம் திகதி, கொழும்பு புதுக்கடையிலுள்ள எமது உயர் நீதிமன்றம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் அனர்த்தம் தொடர்பான அடிப்படை உரிமை மீறல் மனுக்கள் மீது தீர்ப்பளித்து, கப்பல் தரப்பினர் 100 கோடி அமெரிக்க டொலரை நட்டஈடாகச் செலுத்த வேண்டும் எனக் கட்டளையிட்டது. இரண்டும் அடுத்தடுத்த நாட்களில் நிகழ்ந்தமை தற்செயலே. ஆயினும் இவ்விரண்டும் சேர்ந்து உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. கடலும் காற்றும் மழையும் இனி விஞ்ஞானிகளின் விடயம் மாத்திரமல்ல. அவை சட்டத்தரணிகளின் விடயமுமாகிவிட்டன என்பதே அது.

ஹேக் நகரின் ஆலோசனைக் கருத்துக்கு வித்திட்டவர்கள் வல்லரசுகளின் இராஜதந்திரிகள் அல்லர். 2019 ஆம் ஆண்டில் தென் பசுபிக் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்ற 27 மாணவர்கள் தமது வகுப்பறையில் எழுப்பிய யோசனையே அது. அவர்களது முயற்சியை வனுவாட்டு எனும் சின்னஞ்சிறு தீவு அரசு கையிலெடுத்தது. 2023 மார்ச் மாதம் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அதனைத் தீர்மானமாக நிறைவேற்றி நீதிமன்றத்திடம் அனுப்பியது. காலநிலைக் கடப்பாட்டை மீறும் அரசு அதற்குப் பொறுப்புக் கூற வேண்டியிருக்கும் என்றும், உரிய நிபந்தனைகள் நிறைவேறுமிடத்து இழப்பீடும் வழங்க வேண்டி நேரலாம் என்றும் நீதிபதிகள் ஏகமனதாகக் கூறினர். கடல் விழுங்கிவிடுமோ என்ற அச்சத்தில் வாழும் தீவுகளின் மாணவர்கள் ஆறு ஆண்டுகளில் உலகின் அதியுயர் நீதிமன்றத்தைப் பேச வைத்தனர்.

நாமும் ஒரு தீவிலேதான் வாழ்கிறோம். அந்த மாணவர்களை ஒத்த வயதினர் எமது சட்ட பீடங்களிலும் பயில்கின்றனர். அவர்களுள் எத்தனை பேர் காலநிலைச் சட்டத்தைத் தமது தொழிலாகத் தெரிவு செய்யக்கூடிய நிலையில் இருக்கின்றனர் என்பதே இன்று நாம் எழுப்ப விரும்பும் கேள்வியாகும்.

மேலை நாடுகளில் இக்கேள்விக்கு நிறுவன ரீதியான விடை காணப்பட்டுள்ளது. நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2009 இல் ஆரம்பிக்கப்பட்ட காலநிலை மாற்றச் சட்ட மையம், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி போன்றவை, சட்டப் படிப்பை அண்மையில் முடித்தவர்களைச் சம்பளத்துடன் அமர்த்தி, ஓரிரு ஆண்டுகள் இத்துறையிலேயே ஆய்வும் பயிற்சியும் பெறச் செய்கின்றன. பெலோஷிப் என அழைக்கப்படும் இத்திட்டங்களின் நோக்கம் எளிமையானது. படித்து முடித்த கையோடு வயிற்றுப்பாட்டுக்காகக் காணி உறுதி எழுதவும் கம்பனிப் பதிவு செய்யவும் செல்ல வேண்டிய ஓர் இளைஞரை, அவ்விரு ஆண்டுகளும் பொதுநலன் சார்ந்த ஒரு துறையில் தங்கியிருக்கச் செய்வதே அது. தமிழ்நாட்டிலும் முதலமைச்சரின் பெயரில் பசுமை பெலோஷிப் திட்டமொன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் ஒத்துழைப்புடன் நடைமுறைப்படுத்தப்படுகின்றது. அது சட்டத்தரணிகளுக்கென அமைந்ததன்று எனினும், இளைஞர்களைச் சம்பளத்துடன் சுற்றாடல் பணியில் ஈடுபடுத்தும் முறை எமது அயலிலும் சாத்தியமானது என்பதற்கு அது சான்றாகும்.

இலங்கைக்குச் சுற்றாடல் சட்டம் புதியதல்ல. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் மத்திய சுற்றாடல் அதிகார சபை அமைக்கப்பட்டது. 1988 ஆம் ஆண்டுத் திருத்தம் பாரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. 1981 இல் சுற்றாடல் மன்றமும், 2004 இல் சுற்றாடல் நீதிக்கான மையமும் ஆரம்பிக்கப்பட்டு, நீதிமன்றங்களில் பொதுநல வழக்காடும் மரபொன்றை உருவாக்கின. 2000 ஆம் ஆண்டில் எப்பாவல பொஸ்பேற் வழக்கில் நீதியரசர் அமரசிங்க வழங்கிய தீர்ப்பு, இயற்கை வளங்களை அரசு மக்களுக்காகப் பொறுப்பேற்றுப் பராமரிக்கும் காவலரே அன்றி அவற்றின் எஜமானர் அல்லர் என்ற கோட்பாட்டை நிலைநாட்டி, ஆசிய நாடுகள் பலவற்றின் சட்ட நூல்களில் இடம்பிடித்தது. அத்தீர்ப்பு சுட்டிக்காட்டிய கருத்துக்களுள், சர்வதேச நீதிமன்றத்தின் நீதிபதியாக விளங்கிய எம் நாட்டவரான கிறிஸ்டோபர் வீரமந்திரி 1997 இல் டன்யூப் நதி வழக்கில் வெளியிட்ட தனித் தீர்ப்பும் ஒன்று. பண்டைய இலங்கையின் குளங்களையும் நீர்ப்பாசன மரபையும் உலக நீதிமன்றத்தின் ஏட்டில் பதித்தவர் அவர். ஆகவே, சட்டமோ முன்னுதாரணமோ எமக்குக் குறைவில்லை. குறைவாயிருப்பது, அவற்றைத் தமிழ் பேசும் மக்களின் வாசலுக்குக் கொண்டு செல்லும் ஆளணியே.

இதற்குச் சில உதாரணங்களைக் காட்டலாம்.

சுன்னாகம் அனல் மின் நிலையப் பகுதியில் கிணற்று நீருடன் எண்ணெய் கலந்த விவகாரம் 2014, 2015 காலப்பகுதியில் யாழ். குடாநாட்டையே உலுக்கியது. நிலத்தடி நீரையன்றி வேறு நீர் ஆதாரம் இல்லாத ஒரு சுண்ணாம்புக்கல் நிலத்தில் கிணறு கெட்டால் குடியிருப்பே கெட்டுப்போகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. உள்ளூர்ச் சட்டத்தரணிகள் மல்லாகம் நீதிவான் நீதிமன்றத்தில் இப்பிரச்சினையை எழுப்பினர். ஆனால் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனுவைத் தாக்கல் செய்தவர், தென்னிலங்கையைச் சேர்ந்த சுற்றாடல் அமைப்பொன்றின் தலைவரே. 2019 ஏப்ரல் 4 ஆம் திகதி வழங்கப்பட்ட தீர்ப்பில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டின் அடிப்படையில், மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபாவைப் பாதிக்கப்பட்ட மக்களுக்கு நட்டஈடாகச் செலுத்துமாறு பணிக்கப்பட்டது. சகோதர இனத்தவர் ஒருவர் எமக்காக நீதிமன்றப் படியேறியமை நன்றியுடன் நினைவுகூரத்தக்கது. அதேவேளை, அந்த வழக்கை அந்த மண்ணிலிருந்தே கொண்டு செல்லக்கூடிய ஓர் அமைப்பு எம்மிடம் ஏன் இருக்கவில்லை என்ற வினாவையும் தவிர்க்க முடியாது.

சம்பூரிலும் நிலைமை ஏறத்தாழ அவ்வாறே இருந்தது. 2006 இல் யுத்தத்தினால் இடம்பெயர்ந்த மக்களின் மண்ணில் அமையவிருந்த நிலக்கரி மின் நிலையத்துக்கு எதிராகச் சுற்றாடல் மன்றம் தாக்கல் செய்த மனு மீதான விசாரணையின்போது, திட்டம் கைவிடப்படுவதாகச் சட்டமா அதிபர் 2016 செப்டெம்பரில் உயர் நீதிமன்றத்துக்கு அறிவித்தார். பயன் எமதாயிற்று, முயற்சி பிறருடையதாயிருந்தது.

மேற்கூறிய இரண்டிலும் சட்டம் எம் பக்கம் நின்றது. அது எதிர்ப்பக்கம் நின்ற வழக்கு, 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுடையது. கால் நூற்றாண்டுக் கால அகதி வாழ்வின் பின் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குழி பிரதேசங்களுக்குத் திரும்பியோர், தாம் இல்லாத காலத்தில் காடு வளர்ந்திருப்பதையும், 2012 ஆம் ஆண்டு வர்த்தமானி அறிவித்தலின் மூலம் அப்பிரதேசத்தின் நிலங்கள் ஒதுக்குக் காடாகப் பிரகடனப்படுத்தப்பட்டிருப்பதையும் கண்டனர். அவற்றுள் தமது பூர்வீகக் காணிகளும் அடங்குவதாக அவர்கள் முறையிட்டனர். 2017 மார்ச்சில் மாவில்லு பேணற்காடு பற்றிய வர்த்தமானியில் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன கையொப்பமிட்டபோது எதிர்ப்பு மேலும் வலுத்தது. தென்னிலங்கை ஊடகங்களில் இது 'வில்பத்து காடழிப்பு' என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருங்கியது. 2020 நவம்பர் 16 ஆம் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம், கல்லாறு ஒதுக்குக் காட்டில் இடம்பெற்ற துப்புரவாக்கல் சட்டவிரோதமானது எனத் தீர்மானித்து, முன்னாள் அமைச்சர் ரிஷாட் பதியுதீனின் செலவில் மீள்வனமாக்கலை மேற்கொள்ளுமாறு உத்தரவிட்டது.

காடு காக்கப்பட வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. சட்டத்தின் நடைமுறையை மீறி ஒதுக்குக் காட்டில் கை வைக்க எவருக்கும் உரிமையில்லை என்பதும் ஏற்றுக்கொள்ளப்பட வேண்டியதே. ஆனால் அந்த மக்களின் வரலாறு நீதிமன்றத்தின் முன் முழுமையாக வைக்கப்பட்டிருக்க வேண்டிய தருணம் 2020 அன்று, 2012 ஆகும். வர்த்தமானி வெளியான வாரத்திலேயே அதனைப் படித்து, வரைபடத்தையும் காணி உறுதிகளையும் ஒப்பிட்டு, உரிய காலத்தில் ஆட்சேபம் தெரிவித்திருந்தால், மீள்குடியேற்றம் ஓர் அரசியல்வாதியின் செல்வாக்கை நம்பியதாக அமையாமல், சட்டம் அங்கீகரித்த உரிமையாகவே அமைந்திருக்கக்கூடும். செல்வாக்கினால் பெற்ற காணிக்குச் செல்வாக்கு உள்ள வரையில்தான் ஆயுள்.

காலவரையறை என்பது இங்கு வெறும் நுணுக்கமல்ல. அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின்படி அடிப்படை உரிமை மீறல் மனுவை ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை மீது பொதுமக்கள் கருத்துத் தெரிவிக்கக் கிடைக்கும் அவகாசம் 30 நாட்கள். அறிவித்தல் மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் வெளிவரும். ஆனால் நூற்றுக்கணக்கான பக்கங்களைக் கொண்ட அறிக்கையின் தொழில்நுட்பப் பகுதிகளை வாசித்துப் பொருள் கொள்ள ஆங்கிலப் புலமையும் துறைசார் பயிற்சியும் வேண்டும். கிராம சேவையாளரின் அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்ட அறிவித்தலை மீனவர் ஒருவர் காண்பதற்குள் பாதி அவகாசம் கடந்துவிடும். மீதி அவகாசத்தில் அவர் யாரிடம் செல்வது?

உரிய நேரத்தில் வர்த்தமானியைப் படித்ததால் விளைந்த பயனுக்கு அண்மைய உதாரணமும் உண்டு. வட மாகாணத்தில் ஏறத்தாழ 5,900 ஏக்கர் காணி தொடர்பில் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 2025 மார்ச் 28 ஆம் திகதி வெளியான வர்த்தமானி, உரிமை கோருவோருக்கு மூன்று மாத அவகாசத்தையே வழங்கியது. போரில் ஆவணங்களை இழந்தோரும் வெளிநாடுகளில் வாழ்வோரும் இக்காலத்துள் உரிமை கோருவது எங்ஙனம் எனக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்யப்பட்டது. அவகாசம் முடிவடைய ஒரு நாளே எஞ்சியிருந்த நிலையில், ஜூன் 27 ஆம் திகதி இடைக்காலத் தடை கிடைத்தது. இது காணி பற்றிய வழக்கே. எனினும் காடு, கரையோரம், ஈரநிலம் ஆகியவற்றின் பெயரால் வரும் அறிவித்தல்களும் இதே பாதையில்தான் வருகின்றன.

காலநிலைச் சட்டம் என்றதும் எமது மக்களிடையே ஓர் ஐயம் எழுவது இயல்பு. வன பரிபாலனத் திணைக்களமும் வனஜீவராசிகள் திணைக்களமும் எல்லைக்கல் நாட்டிய கிராமங்களில் 'சுற்றாடல் பாதுகாப்பு' என்பது காணி பறிபோவதன் மறுபெயராகவே கேட்கின்றது. இந்த ஐயத்தை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமாகாது. ஆனால் ஐயத்துக்கு மருந்து விலகி நிற்பதன்று. சட்டத்தை எதிர்த்தரப்பினர் மாத்திரமே கற்றிருக்கும் வரை அது எதிர்த்தரப்பின் ஆயுதமாகவே இருக்கும்.

மன்னார் இதனை இன்னொரு கோணத்தில் காட்டுகின்றது. காற்றாலை மின்சாரம் புவி வெப்பமடைதலுக்கு ஒரு பரிகாரம் என்பது உலகம் ஒப்புக்கொண்ட விடயம். ஆனால் மன்னார்த் தீவு வலசைப் பறவைகளின் பாதை, தாழ்ந்த நிலம், சிறு மீனவர்களின் கரை. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற் கொள்ளளவுடன் அமையவிருந்த அதானி நிறுவனத்தின் திட்டத்துக்கு எதிராகச் சுற்றாடல் அமைப்புகள் 2024 இல் உயர் நீதிமன்றத்தை நாடின. 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் விலகிக்கொண்டது. அதே ஆண்டு ஓகஸ்டில் வேறு காற்றாலைகளுக்கு எதிராக மக்கள் மீண்டும் வீதிக்கு இறங்கினர். பசுமை மின்சாரமும் வேண்டும், பாரம்பரியக் கரையும் வேண்டும் என்ற இரு நியாயங்கள் மோதும் இவ்விடத்தில், வெறும் எதிர்ப்புக் கோஷமோ வெறும் அபிவிருத்திக் கோஷமோ பயன்தராது. எங்கே கோபுரம் அமையலாம், எங்கே அமையக்கூடாது, வடிகாலுக்கு யார் பொறுப்பு, வருமானத்தில் ஊருக்கு என்ன பங்கு என்பவற்றை உடன்படிக்கையின் வாசகங்களாக மாற்றத் தெரிந்தவர்களே தேவைப்படுகின்றனர்.

மலையகத்தின் நிலைமை இன்னும் வேதனைக்குரியது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன் குடியிருப்புகள் மண்ணுள் புதைந்தபோது, மறுபடியும் இவ்வாறு நிகழவிடோம் என எல்லோரும் கூறினர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மலைச்சரிவுகள் பேரழிவை ஏற்படுத்தின. சொந்தக் காணி உறுதியில்லாத தோட்டத் தொழிலாளிக்கு 'வீட்டு உரிமையாளருக்கான நட்டஈடு' என்ற சொற்றொடரே ஒரு தடைச்சுவராகும். 2022 இல் எகிப்தின் ஷாம் எல் ஷேக் மாநாட்டில் இழப்பு மற்றும் சேதத்துக்கான சர்வதேச நிதியம் ஒன்றை அமைக்க இணக்கம் காணப்பட்டது. அதிலிருந்து இலங்கைக்கு ஒரு நாள் நிதி வருமாயின், அப்போது லயன் அறையில் வாழ்ந்தவரின் இழப்பு எந்தப் பத்தியில் எழுதப்படும் என்பதை இப்போதே சட்ட மொழியில் கேட்கத் தெரிந்தவர் வேண்டும்.

தலைநகரும் விதிவிலக்கல்ல. 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, புத்தாண்டு தினத்தன்று, மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பின் கொழும்பின் குப்பையைக் கொட்டத் தெரிவானது புத்தளம் மாவட்டத்தின் அருவக்காலு. வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டோருக்கு அடைக்கலம் அளித்த மாவட்டம் அது; நுரைச்சோலை அனல் மின் நிலையத்தின் 900 மெகாவாற் சுமையைத் தாங்கும் மாவட்டமும் அதுவே. வெள்ளவத்தையில் நாம் வீசும் குப்பைக்கும் அங்கு மக்கள் நடத்திய போராட்டத்துக்கும் இடையே தொடர்புண்டு என்பதை மறந்துவிடலாகாது. எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் 2021 மே மாதம் தீப்பற்றி ஜூன் 2 ஆம் திகதி மூழ்கத் தொடங்கியபோது, கொட்டாஞ்சேனையை அடுத்த முகத்துவாரம் முதல் நீர்கொழும்பு வரை வலை வீச முடியாதிருந்தோருள் தமிழ் பேசும் மீனவர்களும் அடங்குவர். நட்டஈட்டை வழங்க ஆணைக்குழு ஒன்றை அமைக்கவும் உயர் நீதிமன்றம் வழி செய்தது. கப்பல் நிறுவனம் தீர்ப்பின்படி செலுத்த முடியாதெனப் பகிரங்கமாகவே கூறிற்று. இலண்டன் நீதிமன்றமோ 2023 இல் பொறுப்பின் உச்சவரம்பை ஏறத்தாழ 1 கோடியே 90 இலட்சம் பவுண் என வரையறுத்திருந்தது. இத்தகைய சர்வதேசச் சிக்கலின் நடுவே, படகுப் பதிவுப் புத்தகமும் பெற்றுக்கொண்ட பற்றுச்சீட்டும் மாத்திரமே கையிலுள்ள ஒரு மீனவரின் கோரிக்கையை ஆவணப்படுத்துவது யார்?

இளம் சட்டத்தரணிகளிடம் ஆர்வமில்லை என்று கூறுவது தவறு. சட்டக்கல்லூரியில் தேறி, மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் ஆறு மாதப் பயிலுநர் காலத்தை நிறைவு செய்து சத்தியப்பிரமாணம் செய்யும் ஒருவருக்கு, அதன் பின் முதல் சில ஆண்டுகள் வருமானம் நிச்சயமற்றவை. மட்டக்களப்பிலிருந்தோ மன்னாரிலிருந்தோ பண்டாரவளையிலிருந்தோ வந்தவராயின், கொழும்பில் அறை வாடகைக்கே அல்லற்பட வேண்டும். உயர் நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும் கொழும்பிலேயே உள்ளன. அங்கு நடவடிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடைபெறுகின்றன. சட்டக்கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மாத்திரம் நடத்துவதற்கான 2020 ஆம் ஆண்டு வர்த்தமானி 2023 மார்ச்சில் பாராளுமன்றத்தில் தோற்கடிக்கப்பட்டமை நியாயமானதே. ஆனால் தாய்மொழியில் பரீட்சை எழுதும் உரிமையைக் காப்பது மாத்திரம் போதாது. அவ்வாறு எழுதித் தேறியவர் உயர் நீதிமன்றத்திலும் தலைநிமிர்ந்து வாதாடும் பயிற்சியைப் பெற வழி செய்வதும் எமது கடனாகும்.

ஆகவே, நாம் முன்வைப்பது மிகச் சிறியதொரு யோசனை. ஆண்டுதோறும் தமிழ் மொழிமூலம் பயின்ற ஆறு இளம் சட்டத்தரணிகளைத் தெரிவு செய்து, இரண்டு ஆண்டுகளுக்குச் சம்பளம் வழங்கும் பெலோஷிப் ஒன்று அமைக்கப்படட்டும். யாழ்ப்பாணம், மன்னார், கிழக்கு மாகாணம், புத்தளம், மலையகம், கொழும்பு ஆகிய ஒவ்வோரிடத்துக்கும் ஒருவர். அவர்களது பணி முதலில் வழக்காடுவதன்று. வாரந்தோறும் வர்த்தமானியைப் படிப்பது, தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளின் சாரத்தைத் தமிழில் ஊருக்கு எடுத்துரைத்து 30 நாட்களுக்குள் ஆட்சேபத்தை அனுப்புவது, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஆவணங்களைப் பெறுவது, அனர்த்தத்தின் பின் இழப்புகளைச் சத்தியக்கடதாசிகளாகப் பதிவது என்பனவே அது. வழக்கு தவிர்க்க முடியாததாகும்போது, அனுபவம் மிக்க சுற்றாடல் அமைப்புகளின் சட்டத்தரணிகளுடன் இணைந்து செயற்படலாம். அங்கும் கற்பதற்கு நிறையவே உண்டு.

இதற்கு ஆகும் செலவு என்ன? ஒருவருக்கு மாதம் ஓர் இலட்சம் ரூபா எனக் கொண்டால், ஆறு பேருக்கு ஆண்டொன்றுக்கு 72 இலட்சம் ரூபா. இரண்டு ஆண்டுகளுக்கு 1 கோடியே 44 இலட்சம் ரூபா. காலி வீதியில் புதிதாக எழும் அடுக்குமாடியில் ஒரு வீட்டை வாங்கும் செலவுக்கு இது மேற்பட்டதாக இராது. 2023 இல் டுபாய் மாநாட்டில் சர்வதேச காலநிலை மாற்றப் பல்கலைக்கழகம் பற்றி அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க பேசினார். பெரும் யோசனைகள் ஆட்சி மாற்றத்துடன் மங்கிவிடுவதுண்டு. சிறிய அறக்கட்டளைகளே பெரும்பாலும் நிலைத்து நிற்கின்றன. கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைக் கோவில் அறங்காவலர்கள், பள்ளிவாசல் நிர்வாகங்கள், பழைய மாணவர் சங்கங்கள், புலம்பெயர்ந்து வாழும் உறவுகள் ஆகியோர் இதனை இணைந்து ஏற்கலாம். கல்விக்கு வக்பு செய்வது முஸ்லிம்களின் நெடிய மரபு. வித்தியாதானம் சைவர்கள் போற்றும் தானம். ஒரு நிபந்தனை மட்டும் அவசியம். மின் நிலையமோ சுரங்கமோ கட்டடத் தொழிலோ நடத்தும் நிறுவனங்களின் பணம் இதற்குள் வரக்கூடாது. யாருக்கு எதிராக மனு எழுத நேருமோ அவரிடம் சம்பளம் பெறுவது முறையாகாது.

முன்னோரின் வழியும் இதுவே. கண்டியில் சட்டத்தரணியாகத் தொழில் புரிந்த சித்திலெப்பை 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை ஆரம்பித்துச் சமூகத்துக்குக் கல்வியின் அவசியத்தை எடுத்துரைத்தார். சட்டத்துறையில் உயர்ந்த சேர். பொன்னம்பலம் இராமநாதன் 1913 இல் பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியைத் தோற்றுவித்தார். அரசியலில் இரு சமூகங்களும் வெவ்வேறு வழிகளில் சென்றிருக்கலாம். ஆனால் தொழிலில் ஈட்டியதைச் சமூகத்தின் அடுத்த தலைமுறைக்கு முதலீடு செய்யும் பண்பு இருவரிடமும் ஒன்றாகவே இருந்தது.

இன்று அத்தகைய முதலீட்டைத் தமிழரும் முஸ்லிம்களும் மலையக மக்களும் தனித்தனியே செய்யத் தேவையில்லை. சுன்னாகத்தின் கிணறும் மறிச்சுக்கட்டியின் காணியும் மீரியபெத்தையின் மலையும் ஒரே சட்டப் புத்தகத்தின் கீழ்தான் வருகின்றன. மறிச்சுக்கட்டி மக்களின் மனுவை யாழ்ப்பாணத்து இளைஞர் ஒருவர் எழுதுவதும், மன்னார் மீனவரின் ஆட்சேபத்தைப் புத்தளத்து முஸ்லிம் யுவதி ஒருவர் தயாரிப்பதும் வழமையாகுமானால், 1990 விட்டுச்சென்ற காயத்துக்கும் அது ஓரளவு மருந்தாகலாம். அடுத்த வர்த்தமானி எந்த ஊரைப் பற்றியது என்பதை எவரும் முன்கூட்டி அறிய முடியாது. ஆனால் அது வெளியாகும் நாளில் அதனைப் படிக்க ஒருவர் இருப்பாரா என்பதை நாம் இப்போதே தீர்மானிக்கலாம்.